பாட்டனார் கூட்டில் ஒரு கோடு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பல் மருத்துவரின் காத்திருப்பறையில் பாதி வாய் மரத்துப்போய் நான் உட்கார்ந்திருந்தபோது, பழைய அலுவலகத்திலிருந்து துஷ்யா அழைத்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு என் இடத்துக்கு வந்தவள். பாரிஸ் புறநகரான திரான்சியில் பிறந்து சட்டம் படித்தவள். என்னைவிட நல்ல பிரெஞ்சும், என் காலத்தில் இருந்ததைவிட நல்ல நாற்காலியும் அவளுக்கு உண்டு.

"அங்கிள், ஒரு பிறப்புச் சான்றிதழ். படிவத்திலை பாட்டனாருக்கு விட்ட கூட்டிலை பேர் இல்லை, சும்மா ஒரு கோடு இழுத்திருக்கு. மொழிபெயர்க்கிற மெஷின் அதைக் கண்டுகொள்ளாமல் போகுது. நீங்கள் என்னண்டு போடுவீங்கள்?"

வாய் மரத்திருப்பது நல்ல சாட்டு. பிறகு எடுக்கிறேன் என்று குழறிவிட்டு வைத்தேன். உண்மை என்னவென்றால், அந்தக் கோட்டைப் பற்றி ஒரு வரியில் பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அந்த ஒரு கோட்டால் ஒரு பெண்ணைக் கிட்டத்தட்ட விமானத்தில் ஏற்றிவிட்டவன் நான். ஆகவே துஷ்யாவுக்கும், அவளைப் போல இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குமாக இதை எழுதுகிறேன்.

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன். நீதிமன்றத்தில் கையை உயர்த்தி, உள்ளதை உள்ளபடி எழுதுவேன் என்று சொன்னவன். லா சப்பல் மெட்ரோவுக்குப் பக்கத்தில், ஒரு சேலைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில், எங்கள் இலங்கைத் தமிழ்ச் சனத்தின் பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்களைப் பிரெஞ்சில் எழுதி முத்திரை குத்துவது என் வேலையாக இருந்தது. ருஷ்ய நாவல்களைக் கரைத்துக் குடித்துவிட்டுப் பாரிசுக்கு எழுத்தாளனாக வந்தவன் நான். இறுதியில் என் கையால் அதிகம் எழுதப்பட்ட உரையாடல், "பெற்றோர் விவாகமானவர்களா? ஆம்" என்பதுதான்.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கிவிடலாம். நாலு வருடம் கோப்பை கழுவினேன். கழுவிக்கொண்டே பிரெஞ்சு படித்தேன். கோப்பைகள் உடைந்த அளவுக்கு என் பிரெஞ்சு உடையவில்லை என்பதால் மிசியே சவரி என்னை வேலைக்கு எடுத்தார்.

மிசியே சவரி புதுச்சேரிக்காரர். பிரெஞ்சு இராணுவத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்று, அந்த அலுவலகத்தைத் திறந்தவர். ஆகஸ்ட் மாதத்திலும் டை கட்டுவார். ஒரு ஆவணத்தைக் கையில் எடுக்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் முகங்கவிழ வைப்பார். அதன் பிறகு அவரிடம் நேரம் கேட்கக் கூடாது. அடிமட்டத்தை வரிக்குக் கீழே பிடித்து, ஒவ்வொரு வரியாக இறக்குவார். ஆனால் வரிகளுக்குப் போகுமுன் எப்போதும் ஓரத்தைத்தான் படிப்பார். பிரெஞ்சுப் பிறப்புப் பதிவேட்டில் ஒருவருடைய கல்யாணம், விவாகரத்து, மரணம் எல்லாவற்றையும் பக்கத்தின் ஓரத்தில்தான் பிறகு குறிப்பார்கள்.

"நடுவுல இருக்கறது பொறப்பு மட்டும்தான். வாழ்க்கை பூரா ஓரத்துல கெடக்கும்" என்பார்.

எங்கள் இலங்கைச் சான்றிதழுக்கு அவர் பிரெஞ்சில் ஒரு அச்சுப் படிவம் தயாரித்து வைத்திருந்தார். மூலத்தில் கேள்விகள் நீளமாக இருக்கும். அவர் அவற்றை இரண்டு மூன்று சொற்களுக்கு வெட்டிவிட்டார். பாட்டனார் பற்றிய கேள்வி அந்த அச்சில் வெறும் "பாட்டனார்" ஆகியிருந்தது. நான் சேர்வதற்கு முன்பு, ஏதோ ஒரு அரசாங்க அலுவலகக் கவுண்டரில், கூடு காலியாக இருக்கிறதென்று ஒரு கோப்பைத் திருப்பி அனுப்பினார்களாம். அன்றிலிருந்து அலுவலகத்தில் ஒரு கட்டளை. பிரெஞ்சுக் காகிதத்துக்கு வெறுமை ஆகாது. கோடு கிடந்தால் "அறியப்படாதவர்" என்று எழுது.

எழுதினோம். என்னுடைய குடியுரிமைக் கோப்புக்கு என் பிறப்புச் சான்றிதழை அவரே மொழிபெயர்த்தார். அதிலும் பாட்டனார் கூட்டில் கோடுதான். மூன்று கோயில் வழக்குகளை ஒரே நேரத்தில் நடத்தி, நாலு ஊருக்குத் தொல்லையாக இருந்த என் பாட்டனார், பிரெஞ்சுக் குடியரசில் அறியப்படாதவர் ஆனார். அவரை அறியாதவர் என்று சொல்ல ஊரில் ஒருவருக்கும் துணிவு வந்திராது. நான் அன்றைக்கு அதை ஒரு பகிடியாக எடுத்துக்கொண்டு போய்விட்டேன். என் தொழில் வாழ்க்கையின் பெரும்பிழை அந்தச் சிரிப்பில்தான் தொடங்கியது.

றெஜினா வந்தது பல வருடங்களுக்குப் பிறகு. வில்லியே லே பெல்லில் இருந்தாள், சென் தெனியில் அலுவலகங்கள் துப்புரவு செய்யும் வேலை. முன்னொருமுறை அவளும் கணவரும் வந்து சான்றிதழ்களை மொழிபெயர்த்துக்கொண்டு போனது எனக்கு மங்கலாக நினைவிருந்தது. இந்தமுறை தனியாக வந்தாள். கணவர் இறந்துவிட்டார். அவரை வைத்துக் கிடைத்திருந்த வதிவிட அனுமதிக் காட் புதுப்பிக்கப்படவில்லை. நாட்டை விட்டு வெளியேறும்படி கடிதம் வந்திருந்தது. அவளுடைய அவொக்கா, அதாவது வழக்கறிஞர், வழக்குப் போட்டிருந்தார், விசாரணைக்கு ஐந்து கிழமை இருந்தது. அதையெல்லாம் யாரோ ஒருவருடைய பேருந்து நேரங்களைப் போல அடுக்கிச் சொல்லிவிட்டு, ஒரு பழைய கடித உறையை மேசையில் வைத்தாள்.

"அண்ணை, என்ரை அப்பாவின்ரை அப்பா அயர்லாந்துக்காரன்."

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவளுடைய நிறத்தைப் பார்த்தேன். கறுப்பில் என்னைவிட ஒரு பூச்சு கூடுதல். லா சப்பலில் உட்கார்ந்திருப்பவனிடம் வெள்ளைக்காரப் பாட்டன்கள் மாதம் ஒருவராவது வருவார்கள். எனக்கும் ஒரு பாட்டன் போர்த்துக்கல் அரசகுமாரன் என்று சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "சிரியுங்கோ. ஆனால் வாசிச்சுப்போட்டுச் சிரியுங்கோ" என்றாள்.

வாசித்தேன். அவளுடைய தகப்பனாரின் பிறப்புச் சான்றிதழ், திருகோணமலையில் பதியப்பட்டது. தகப்பன் தோமஸ் டியர்னி, கடற்படைத் துறைமுகத்தில் கொதிகலன் வேலைக்காரர், பிறந்த இடம் அயர்லாந்து. கூடவே கத்தோலிக்கக் கோயிலில் எடுத்த தோமசின் விவாகச் சான்றிதழ், லத்தீனில். மணமகள் ஒரு தமிழ்ப் பெண்.

அந்த அயர்லாந்துக்காரர் எங்கே போய் மறைந்தார் என்று பாருங்கள். மகனுக்கு அருளானந்தம் என்று பெயர் வைத்தார்கள். தமிழ் வழக்கப்படி அவன் தோமஸ் அருளானந்தம் ஆனான். டியர்னி அங்கேயே கரைந்துபோனது. அவனுடைய மகள் அருளானந்தம் றெஜினா. இப்போது தோமசும் இல்லை. கடலில் மூழ்கியவனையாவது வலை போட்டுத் தேடலாம். எங்கள் முதலெழுத்தில் மூழ்கியவனை எந்தச் சுழியோடியும் எடுக்க முடியாது.

அவொக்கா சொன்னது நேரானது. அயர்லாந்தில் பிறந்த பாட்டனின் பேரப்பிள்ளை அந்த நாட்டுக் குடியாகப் பதியலாம். பதிந்தால் அவள் ஐரோப்பியக் குடி, வெளியேற்றும் கடிதத்துக்குப் பொருளே இல்லை. பதிவு முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஆனால் இந்தப் பாட்டன் உண்மையான பாட்டன், இன்ன ஊரில் பிறந்தவர் என்று ஐந்து கிழமைக்குள் நீதிபதிக்குக் காட்டினால் கடிதத்தை நிறுத்தி வைக்கலாம்.

இது என் வேலையே அல்ல. ஆனால் சந்தேகப்பட்டவனுக்கு வரும் அசட்டுச் சுறுசுறுப்பு எனக்கு வந்தது. வேலை முடிந்து வீட்டில் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்து, அந்த நாட்டின் பழைய பிறப்புப் பதிவுகளைத் தேடினேன். டப்ளினில் ஆவணக் காப்பகம் ஒருகாலத்தில் எரிந்து போனதாம், நிறையப் பழைய ஏடுகள் இல்லையாம். அதை வாசித்ததும், நூலகம் எரிந்த ஊர்க்காரனான எனக்கு அந்த நாடு சொந்தக்காரர் வீடு போலாகிவிட்டது. நல்லவேளையாகப் பிறப்புப் பதிவேடுகள் வேறோர் இடத்தில் இருந்து தப்பியிருந்தன. வயதுக்குப் பொருந்தும்படி ஏழு தோமஸ் டியர்னிகள் கிடைத்தார்கள். பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதில் அயர்லாந்துக்காரர் எங்களைவிடச் சிக்கனக்காரர்.

ஒருவன் குழந்தையிலேயே செத்திருந்தான். இரண்டு பேர் பிற்காலக் குடிக்கணக்கில், நம்மாள் துறைமுகத்தில் சுத்தியல் தூக்கிய காலத்தில், ஊரிலேயே மாடு வளர்த்துக்கொண்டிருந்தார்கள். லத்தீன் சான்றிதழில் தோமசின் தகப்பன் பெயர் பத்ரிக் என்று இருந்தது. அது இன்னும் மூன்று பேரைத் தள்ளியிருக்க வேண்டும். தள்ளியது இரண்டு பேரை. மிச்சம் இரண்டு தோமஸ், இரண்டு பேருக்கும் தகப்பன் பத்ரிக், வெவ்வேறு மாவட்டம். தவறானவனைக் கொண்டுபோனால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். விசாரணைக்கு மூன்று கிழமை.

மிசியே சவரிக்கு அப்போது எண்பது நெருங்கியிருக்கும். ஆனாலும் தினமும் டையோடு வந்து உட்காருவார். நான் இரண்டு பதிவுகளையும் அவர் முன் வைத்தேன். கடிகாரத்தைக் கழற்றினார்.

"ஓரத்தப் பாத்தியா?"

அரசாங்கப் பதிவில் ஓரமே இல்லை என்றேன்.

"கோயில் பதிவுல இருக்கும்டா. நீ சைவம், ஒனக்கு எங்க தெரியும். கல்யாணம் பண்ணி வெக்கிற சாமியாரு, அந்த ஆளு ஞானஸ்நானம் வாங்குன கோயிலுக்கு எழுதணும். அங்க அவன் பேருக்கு நேரா ஓரத்துல குறிப்பாங்க. இன்னொரு கல்யாணம் பண்ணாம இருக்கறதுக்கு."

ஆண்கள் மேல் திருச்சபை வைத்திருந்த அவநம்பிக்கைக்கு அன்று மனதாரக் கும்பிட்டேன். இரண்டு ஊர்ப் பங்குக் குருக்களுக்கும் அவரே கடிதம் எழுதினார். மின்னஞ்சலில் அனுப்பினாலும், முதலில் கையால் ஒரு பிரதி எழுதினார்.

பதில் வருமுன் அவொக்காவின் அழைப்பு வந்தது. குரல் மாறியிருந்தது. காட் வழங்கும் பிரெபெக்சர் அலுவலகத்தின் தரப்பு தங்கள் வாதத்தைத் தாக்கல் செய்திருக்கிறது. றெஜினாவின் பழைய கோப்பில் அவளுடைய பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு இருக்கிறது, அதில் "பாட்டனார்: அறியப்படாதவர்" என்று சத்தியப்பிரமாணத்தோடு எழுதியிருக்கிறது. எட்டு வருடத்துக்கு முன்பு அறியப்படாத பாட்டன் இன்றைக்கு எப்படி அயர்லாந்துக்காரன் ஆனான் என்று கேட்கிறார்கள். இது கடைசி நேரக் கட்டுக்கதை என்கிறார்கள்.

"முத்திரை உங்களுடையது, மிசியே" என்றார் அவர்.

அலமாரியில் பிரதியை எடுத்தேன். என் முத்திரைதான். பக்கத்தில் மூலத்தை விரித்து, அந்தத் தொழிலில் அத்தனை காலம் இருந்தபிறகு, அந்தக் கூட்டின் தலைப்பை முதல்தடவையாக முழுவதும் வாசித்தேன்.

"பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால், அவருடைய முழுப்பெயரும் பிறந்த ஆண்டும் இடமும்."

பிறந்திருந்தால். றெஜினாவின் பாட்டன் இலங்கையில் பிறக்கவில்லை. பதிவாளர் கோடு இழுத்தார், மிகச் சரியாக. நான்தான் அந்தக் கோட்டுக்குப் பதிலாக அந்தப் பாட்டனுக்கு ஒரு அநாதைப் பட்டம் கொடுத்திருக்கிறேன்.

மிசியே சவரியிடம் இரண்டையும் காட்டினேன். வெகுநேரம் அடிமட்டத்தை அந்த ஒரு வரிக்குக் கீழேயே பிடித்திருந்தார்.

"இந்த அச்சு நான் போட்டது" என்றார். பிறகு, "நீ இத ஒத்துக்கிட்டு எழுதினேன்னா, இதுவரைக்கும் இங்க குத்துன முத்திரை ஒவ்வொண்ணும் வாயத் தொறக்கும். நம்ம கிட்ட வந்த சனம் அத்தன பேர் கோப்பையும் எவனாவது நோண்டுவான். அத யோசிச்சியா?"

யோசித்திருந்தேன். என் பெயர் நீதிமன்றப் பட்டியலிலிருந்து போகலாம் என்பதையும், ஓய்வூதியத்துக்கு இன்னும் எத்தனை வருடம் என்பதையும் அதைவிடக் கவனமாக யோசித்திருந்தேன். அலுவலகத் தலைப்பு போட்ட தாளில் எதுவும் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். அதன் பொருள், பேச்சு முடிந்தது.

வீரம் என்னிடம் எப்போதும் கையிருப்பில் இருந்ததில்லை. இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். மூன்றாம் நாள் றெஜினா வந்தாள். அவொக்கா எல்லாவற்றையும் அவளுக்கு விளக்கியிருந்தார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும்.

"என்ரை மனுசன் இஞ்சை சேமக்காலையிலை கிடக்குது, அண்ணை. என்னை ஏத்திவிட்டால் அந்தக் கல்லறையிலை மெழுகுதிரி கொளுத்த ஒருத்தரும் இல்லை. நான் சொல்லுறதை அவை கேக்கமாட்டினம். நீங்கள் எழுதுறதைத்தானே வாசிக்கினம்."

அவள் போன பிறகு அலுவலகத் தலைப்பு இல்லாத வெள்ளைத் தாளை எடுத்தேன். மூலத்தில் உள்ள கேள்வியை முழுமையாக எழுதினேன். பதில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது என்று எழுதினேன். "அறியப்படாதவர்" என்ற சொல் மூலத்தில் இல்லை, அது என்னால் சேர்க்கப்பட்டது, அது பிழை என்று எழுதினேன். குத்தும்போது முத்திரை சற்றுச் சரிந்து விழுந்தது. மிசியே சவரி பார்த்திருந்தால் திரும்ப எழுதச் சொல்லியிருப்பார்.

விசாரணை புறநகரில் ஒரு நிர்வாக நீதிமன்றத்தில். அயர்லாந்திலிருந்து இன்னும் பதில் இல்லை. தாழ்வாரத்தில் றெஜினா செபமாலையைக் கைக்குள் பொத்திக்கொண்டு இருந்தாள். அவொக்கா என் தாளை மூன்றாம் முறை வாசித்துக்கொண்டிருந்தார். எங்கள் முறைக்கு இன்னும் இரண்டு வழக்குகள் இருந்தபோது மாடிப்படியில் டை ஒன்று ஏறி வந்தது.

மிசியே சவரி டாக்சியில் வந்திருந்தார். மூச்சு வாங்கியது. ஒரு பிளாஸ்டிக் உறையை அவொக்காவிடம் நீட்டினார். காலையில் வந்த படம், அச்சடித்தது. ஏதோ ஒரு மழைக்கிராமத்துக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவு. தோமஸ், பத்ரிக்கின் மகன். அந்த வரிக்கு நேரே ஓரத்தில், வேறு மையில், பொடி எழுத்தில், திருகோணமலை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதன் கீழே றெஜினாவின் அப்பாச்சியின், அந்தத் தமிழ் மணமகளின் பெயர், பாதி எழுத்துப் பிழையோடு. றெஜினா அந்தப் பெயரை விரலால் தொட்டாள்.

பிறகு அவர் என் வெள்ளைத் தாளைக் கேட்டார். நின்றபடியே வாசித்தார். பேனாவை எடுத்து, என் முத்திரைக்குக் கீழே, "இந்தப் பிழைக்குக் காரணமான அச்சு என்னால் தயாரிக்கப்பட்டது" என்று பிரெஞ்சில் எழுதிக் கையெழுத்திட்டார்.

"முத்திரை கோணலா இருக்கு" என்றார்.

உள்ளே பிரெபெக்சரின் வழக்கறிஞர் மிகவும் மரியாதையான மனிதர். அதுதான் பயமாக இருந்தது. இன்று காலை வந்த ஒரு படம் ஒரு பக்கம், எட்டு வருடம் கோப்பில் இருந்த சத்தியப்பிரமாணம் மறுபக்கம், இதில் எதை நம்புவது என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் வந்திருக்கிறாரா என்று நீதிபதி கேட்டார். எழுந்தேன்.

வழக்கறிஞர் என் பக்கம் திரும்பி, அப்படியானால் இந்தச் சான்றிதழ்களில் கோடு இருந்தால் பாட்டனார் வெளிநாட்டில் பிறந்தவர் என்று அர்த்தமா என்று கேட்டார்.

ஆம் என்று ஒரு சொல் போதும். அவொக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். றெஜினாவுக்குப் பிரெஞ்சு அவ்வளவு ஓடாது, ஆனால் கேள்வி எது என்பது அவளுக்கு விளங்கியிருந்தது. அந்த ஒரு சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. அப்போதுதான் அதே நாக்கு நுனியிலிருந்துதான் "அறியப்படாதவர்" என்ற சொல்லும் வந்தது என்பது உறைத்தது. வசதிக்காகச் சேர்த்த சொல் அது. இதுவும் அதே இனம்.

இல்லை என்றேன். என்னுடைய சான்றிதழிலும் கோடு இருக்கிறது, என் பாட்டனார் பதிவாளர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்தவர், பதிவாளருக்கு அன்று எழுதப் பஞ்சியாக, சோம்பலாக இருந்திருக்கலாம் என்றேன்.

வழக்கறிஞர் மெல்லப் புன்னகைத்து உட்கார்ந்தார். றெஜினாவின் தலை குனிந்தது. நான் அவளை ஏற்றிய விமானம் ஓடுபாதையில் ஓடத் தொடங்கியிருந்தது.

அப்படியானால் அந்தக் கோட்டுக்கு என்னதான் அர்த்தம் என்று நீதிபதி கேட்டார்.

"பதிவாளர் ஒரு கோடு இழுத்தார், மதாம். அந்தத் தாளில் அவ்வளவுதான் இருக்கிறது. பாட்டனார் அறியப்படாதவர் என்று அவர் சொல்லவில்லை. நான் சொன்னேன்."

அவர் என் தாளைக் கையில் எடுத்தார். கீழே இருந்த இரண்டாவது கையெழுத்தையும் வாசித்தார். அதன் பிறகு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தின் நடுவை விட்டு, ஓரத்தை வாசிக்கத் தொடங்கினார். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மிசியே சவரி கடிகாரத்தைக் கழற்றும் சத்தம் கேட்டது.

நாலு நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. வெளியேற்றும் கடிதம் நிறுத்தி வைக்கப்பட்டது. அயர்லாந்துப் பதிவு முடிய ஒன்றரை வருடம் பிடித்தது. புதுக் கடவுச்சீட்டில் முதல் பயணம் போய்த் திரும்பிய அன்று றெஜினா ஒரு பெட்டி ரோல்சோடு மாடியேறி வந்தாள். கடவுச்சீட்டில் டியர்னி என்ற பெயர் எங்குமே இல்லை, அருளானந்தம் றெஜினாதான். இமிகிரேஷனில் ஒருவன் கடவுச்சீட்டையும் தன்னையும் மாறிமாறிப் பார்த்தானாம். "உங்களை மாதிரித்தான் அண்ணை பார்த்தவன்" என்றாள். அதற்கு நான் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டேன். அங்கிருந்து நேரே சேமக்காலைக்குப் போனாள்.

பட்டியலிலிருந்து என்னை நீக்கவில்லை. ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, இப்போதும் வைத்திருக்கிறேன். நானும் மிசியே சவரியும் முகவரி இருந்தவர்களுக்கெல்லாம், வந்தால் இலவசமாகத் திருத்தித் தருகிறோம் என்று எழுதினோம். வந்தவர்கள் சொற்பம். இத்தனை காலம் அறியப்படாமல் கிடந்த பாட்டன்கள் அப்படியே கிடக்கட்டும் என்று சனம் நினைத்திருக்கலாம். பழைய அச்சை மிசியே சவரி தன் கையாலேயே கிழித்தார்.

மரப்பு இறங்கிய பிறகு துஷ்யாவை அழைத்தேன். கோட்டுக்குக் கோடு போடு, மேலே இருக்கிற கேள்வியை மட்டும் 'பிறந்திருந்தால்' உட்பட முழுக்க எழுது என்றேன்.

"கூடு காலியாக் கிடக்கெண்டு கவுண்டரிலை திருப்பினால், அங்கிள்?"

"திருப்பட்டும். திரும்பி வாற கோப்பைத் திருத்தலாம். திரும்பி வராமல் போற ஆளைத்தான் ஒண்டும் செய்யேலாது."

சரி என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, மேசை லாச்சியில் என் பெயரில் ஒரு பழைய கோப்பு கிடக்கிறதே, அதை என்ன செய்வது என்று கேட்டாள். என் குடியுரிமைக் கோப்பின் பிரதி அது. என் பாட்டனாருக்கும் ஒரு திருத்தம் கேட்டு, ஓய்வுபெற்ற அன்றே அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் இல்லை. பாதகமில்லை. மூன்று கோயில் வழக்குகளுக்குத் தவணைமேல் தவணை வாங்கியவர், காத்திருப்பார்.